கொசுவத்திச் சுருளுக்குள் ஒரு காற்றுப் பம்பு: ஜி-லாடரின் கதை

1988-ம் ஆண்டு ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் கொராடோ என்ற புதிய காரை வெளியிட்டது. ஒஸ்னாப்ரூக் நகரில் இருந்த கார்மன் தொழிற்சாலையில் கட்டப்பட்ட, இரண்டு கதவுகள் கொண்ட சின்ன ஸ்போர்ட்ஸ் கார். அதன் ஜி60 என்ற வகையில் இருந்தது 1.8 லிட்டர் என்ஜின். சிலிண்டருக்கு இரண்டு வால்வு என்ற பழைய அமைப்புதான். இதே அளவுள்ள கோல்ஃப் ஜிடிஐ என்ஜின் 110 குதிரைசக்தி சொச்சம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், கொராடோ ஜி60 கொடுத்தது 160 குதிரைசக்தி! மணிக்கு 225 கி.மீ. வேகம் வரை போனது.

இந்த ஐம்பது குதிரைகள் எங்கிருந்து வந்தன? என்ஜினுக்குப் பக்கத்தில் பெல்ட் மூலம் சுழன்றுகொண்டிருந்த ஓர் அலுமினியப் பெட்டியிலிருந்து. அதன் பெயர் ஜி-லாடர். லாடர் என்றால் ஜெர்மன் மொழியில் ஏற்றுவது, நிரப்புவது என்று பொருள். உள்ளே இருக்கும் சுருளின் வடிவம் ஆங்கில எழுத்து ஜி போல இருந்ததால் முன்னால் ஒரு ஜி. 60 என்பது அந்தச் சுருளின் அகலம், மில்லிமீட்டரில். 40 மி.மீ. அகலமுள்ள தம்பி ஒருவனும் உண்டு. அவன் போலோ காரில் இருந்தான், ஜி40 என்ற பெயரில்.

புதிதாக இருந்தவரை இந்தப் பெட்டியைப் பாராட்டாதவர் இல்லை. சில ஆண்டுகள் ஓடிய பிறகு வேறு மாதிரியான பேச்சு ஆரம்பித்தது. "நேற்று நன்றாக இழுத்தது, இன்று இழுக்கவில்லை." "காலையில் சரியாக இருக்கிறது, மதியம் சோர்ந்துவிடுகிறது." "மேல் வேகத்தில் நன்றாக இருக்கிறது, கீழே உயிரே இல்லை." காற்றழுத்தம் ஒரே மாதிரி வருவதில்லை என்ற இந்தப் புகாருக்குப் பின்னால் இருப்பது ஒரு நல்ல கதை. 1905-ல் இருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன் அடிப்படையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பெட்ரோல் என்ஜின் எவ்வளவு சக்தி தரும் என்பதை முதலில் முடிவு செய்வது காற்றுதான். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், அதை எரிக்கக் காற்று வேண்டுமே! சாதாரண என்ஜின் தானே உறிஞ்சிக்கொள்ளும் காற்றோடு திருப்திப்பட்டுக்கொள்கிறது. சூப்பர்சார்ஜர் என்பது வெளிக்காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் பம்பு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860 வாக்கிலேயே இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழலும் காற்றூதியைச் செய்துவிட்டார்கள். அது கார்களுக்காகச் செய்யப்பட்டதல்ல, அப்போது கார்களே இல்லை. 1921-ல் மெர்சிடிஸ் அதே வகை ஊதியை வைத்து விற்பனைக்கான கார்களைப் பெர்லின் கண்காட்சியில் காட்டியது. 1923-ல் மோன்சாவில் நடந்த இத்தாலிய கிராண்ட் பிரியில் சூப்பர்சார்ஜர் பூட்டிய ஃபியட் ஜெயித்தது. அதன்பின் உலகப்போர் வரை பந்தயக் கார் என்றாலே சூப்பர்சார்ஜர் என்றாகிவிட்டது.

1970களில் டர்போ வந்தது. 1973-ல் பிஎம்டபிள்யூ 2002 டர்போ, பிறகு போர்ஷே 911 டர்போ, சாப் 99 டர்போ என்று வரிசையாக. டர்போவைச் சுழற்றுவது வெளியேறும் புகை. அது வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். மிதித்தவுடன் ஒன்றும் நடக்காது, இரண்டு நொடி கழித்து முதுகில் ஒரு குத்து! சின்னக் கார்களில் இந்தத் தாமதம் வேண்டாம் என்று ஃபோக்ஸ்வாகன் பொறியாளர்கள் நினைத்தார்கள். ரூட்ஸ் ஊதி தாமதமின்றி வேலை செய்யும், ஆனால் காற்றை விட்டுவிட்டுத் துடிப்பாகத் தள்ளும், சத்தமும் அதிகம். மூன்றாவது வழி ஒன்றைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது, ஏறக்குறைய எண்பது வருடம் தூங்கிக்கிடந்த ஒரு காப்புரிமை.

அதை எழுதியவர் லேயோன் க்ரூ என்ற பிரெஞ்சுக்காரர். 1905-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அவர் யோசனை எளிமையானது. பாக்கெட்டில் வரும் கொசுவத்தியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னி இருக்கும். அவற்றில் ஒன்றை அசையாமல் வைத்துக்கொண்டு, மற்றொன்றைச் சின்ன வட்டத்தில் ஆட்டுவதாகக் கற்பனை செய்யுங்கள். ஆட்டுவதுதான், சுழற்றுவதில்லை. மாவு சலிக்கும்போது சல்லடை எப்படிப் போகிறதோ அப்படி. கை வட்டமாகப் போகும், ஆனால் சல்லடை தன்னைத்தானே சுற்றிக்கொள்ளாது. இப்படி ஆட்டினால் இரண்டு சுருள்களுக்கு நடுவே பிறை வடிவத்தில் காற்றறைகள் உண்டாகி, ஓரத்தில் பிடித்த காற்றை நடுப்பக்கமாக நகர்த்திக்கொண்டு போய் வெளியே தள்ளும். வால்வு கிடையாது. ஒரு அறை காலியாகும்போதே அடுத்தது வந்துவிடுவதால் துடிப்பும் குறைவு.

இவ்வளவு அழகான யோசனை ஏன் அத்தனை காலம் தூங்கியது? சுருள்களுக்கு நடுவே இடைவெளி மிக மிகச் சன்னமாக இருக்க வேண்டும். கொஞ்சம் அதிகமானால் காற்று பின்னால் ஓடிவிடும், கொஞ்சம் குறைந்தால் உலோகமும் உலோகமும் உரசும். இப்படி வளைந்த சுவர்களை ஆயிரக்கணக்கில் ஒரே அளவாகக் கடையும் இயந்திரங்கள் க்ரூ வாழ்ந்த காலத்தில் இல்லை. கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரங்கள் வந்த பிறகுதான் இந்த யோசனைக்கு உயிர் வந்தது. 1980களில் ஏ.சி. இயந்திரங்களில் ஸ்க்ரோல் கம்ப்ரஸர் என்ற பெயரில் வந்ததும் இதே சுருள்தான், இன்றுவரை அங்கே சௌகரியமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே ஓடிய அதே யோசனை காரில் மட்டும் ஏன் திணறியது என்பதுதான் சுவாரசியமான கேள்வி.

ஃபோக்ஸ்வாகன் முதலில் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. 1985-ல் எஹ்ரா-லெசியன் சோதனைத் தடத்தில் ஜி40 பூட்டிய போலோ கார்களை இரவும் பகலுமாக 24 மணி நேரம் ஓட்டி, சராசரியாக மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் போய்ச் சாதனை படைத்தார்கள். 1.3 லிட்டர் காருக்கு இது பெரிய விஷயம். அதன்பின் குறைந்த எண்ணிக்கையில் போலோ ஜி40, பிறகு கொராடோ ஜி60, பஸாட் ஜி60, கோல்ஃப் ஜி60 என்று குடும்பம் பெருகியது. 1989-ல் வந்த ரேலி கோல்ஃப் காருக்கு மட்டும் என்ஜின் கொள்ளளவை 1781-ல் இருந்து 1763 சிசியாகக் குறைத்தார்கள். காரணம் வேடிக்கையானது. பந்தய விதிப்படி, காற்றைத் திணிக்கும் என்ஜினின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கி எந்த வகுப்பு என்று பார்ப்பார்கள். 1763-ஐ 1.7-ஆல் பெருக்கினால் 2997. மூன்று லிட்டர் வகுப்புக்குள் மூன்று சிசி மிச்சத்தில் நுழைந்துவிட்டார்கள்!

இனி பெட்டிக்குள் போவோம். இரண்டு அலுமினிய மூடிகள், இரண்டிலும் அசையாத சுருள்கள். நடுவில் மக்னீசியக் கலவையில் செய்த தட்டு, அதன் இரண்டு பக்கமும் சுருள்கள். இந்தத் தட்டைத்தான் சல்லடை மாதிரி ஆட்ட வேண்டும். அதற்கு மையம் விலகிய பிரதானத் தண்டு ஒன்று, தட்டு தன்னைத்தானே சுற்றிவிடாமல் பிடித்துக்கொள்ளத் துணைத் தண்டு ஒன்று. இரண்டு தண்டுகளும் ஒரே தாளத்தில் சுற்றுவதற்கு நடுவே சின்னப் பல் பெல்ட். சுருள்களின் விளிம்பில் பள்ளம் வெட்டி, அதில் மெல்லிய சீல் பட்டைகளைப் பதித்திருந்தார்கள். எதிர்ப்பக்கச் சுவரை உரசியபடி காற்றைத் தடுத்து நிறுத்துவது இந்தப் பட்டைகள்தான். பேரிங்குகளுக்கு எண்ணெய் என்ஜினில் இருந்தே வரும். என்ஜின் உச்ச வேகத்தில் ஓடும்போது ஜி-லாடர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 சுற்று போகும். அப்போது வெளிக்காற்றை விட 0.7 பார் அளவுக்கு அதிகமான அழுத்தம் கிடைக்கும்.

டர்போவில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தத் தனி வால்வு உண்டு. ஜி-லாடரில் அப்படி எதுவும் இல்லை. பெல்ட்டில் ஓடுவதால் என்ஜின் ஒரு சுற்று சுற்றினால் இது இத்தனை சுற்று என்பது நிலையான கணக்கு. ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்பதும் நிலையான கணக்கு. அப்படியானால் அழுத்தம் மாறக்கூடாது அல்லவா? மாறினால், இந்தக் கணக்கில் ஏதோ ஒன்று பொய்யாகிவிட்டது என்று அர்த்தம். ஜி-லாடரில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் துப்பறிந்தது இந்த வழியில்தான்.

முதல் சந்தேகம் எப்போதும் பெல்ட் மேல். காற்றை அழுத்துவதற்குக் கணிசமான சக்தி வேண்டும், அத்தனையும் அந்த ஒரு பெல்ட் வழியாகத்தான் போக வேண்டும். பெல்ட் பழசாகிப் பளபளப்பாகிவிட்டாலோ, இழுவை தளர்ந்துவிட்டாலோ சுமை குறைவாக இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. முழுசாக மிதித்து மேல் வேகத்துக்குப் போகும்போது வழுக்க ஆரம்பிக்கும். ஆக, கீழே சரியாக ஏறிய அழுத்தம் மேலே போகப் போகத் தேங்கி நின்றால் அது பெல்ட்டின் கைங்கரியம். எண்ணெய் கசிந்து பெல்ட்டில் பட்டிருந்தால் ஒரு நாள் வழுக்கும், மறுநாள் வழுக்காது. "நேற்று இழுத்தது, இன்று இழுக்கவில்லை" என்ற புகாரில் இந்த வகைக்கும் ஒரு பங்கு உண்டு.

சீல் பட்டைகள் தேய்ந்தால் நடப்பது இதற்கு நேர்மாறு. வாசர் தேய்ந்த சைக்கிள் பம்பை அடித்தவர்களுக்கு இது உடனே புரியும். மெதுவாக அழுத்தினால் காற்று பின்பக்கமாகவே போய்விடும், டியூபுக்குள் ஏறாது. வெடுக்கென்று வேகமாக அடித்தால் ஏறும். காற்று கசிந்து ஓட அவகாசம் கிடைக்காததுதான் காரணம். ஜி-லாடரும் அப்படியே. பட்டை தேய்ந்த பெட்டி கீழ் வேகத்தில் சோம்பிக் கிடக்கும், மேலே போனால் ஓரளவு தேறிக்கொள்ளும். தாமதமே இல்லாத இழுவைக்காக உண்டாக்கப்பட்ட இயந்திரம், தேய்ந்த பிறகு டர்போவைப் போலவே தாமதிக்க ஆரம்பித்தது என்பதுதான் இதில் உள்ள சோகம்!

மூன்றாவது, திராட்டிலோடு இணைந்த பைபாஸ் தகடு. மெதுவாக ஓட்டும்போது என்ஜினுக்கு அவ்வளவு காற்று வேண்டாம், ஆனால் ஜி-லாடர் நிற்காது, சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மிச்சக் காற்றைத் திரும்பவும் நுழைவாயிலுக்கே அனுப்ப ஒரு தகடு திறந்திருக்கும். முழுசாக மிதித்தால் அது மூடிக்கொள்ள வேண்டும். இணைப்புக் கம்பியின் சரிசெய்கை கொஞ்சம் பிசகினாலும் தகடு முழுசாக மூடாது. பம்பு நன்றாக இருக்கும், பெல்ட் நன்றாக இருக்கும், அழுத்தம் மட்டும் வராது. நல்ல நிலையில் இருந்த எத்தனை ஜி-லாடர்கள் இந்தத் தகட்டின் பாவத்துக்குத் தண்டனை அனுபவித்துக் கழற்றப்பட்டனவோ!

குழாய்களும் இன்டர்கூலரும் தனிக்கதை. சூடான காற்றைக் குளிரவைக்க அதை நீளமான ரப்பர்க் குழாய்கள் வழியாகச் சுற்றி அழைத்துவர வேண்டும். ஒவ்வொரு மூட்டும் ஒரு கசிவுக்கான வாய்ப்பு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது இறுக்கமாக இருக்கும் ரப்பர், சூடேறியதும் இளகிக் கசியும். இதைவிடப் பொல்லாதது ஒரு சின்னக் குழாய். டிஜிஃபான்ட் என்ற அன்றைய கட்டுப்பாட்டுக் கருவியின் அழுத்த உணரி கருவிப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. என்ஜினில் இருந்து ஒரு மெல்லிய குழாய் அதுவரை போகும். அந்தக் குழாயில் வெடிப்பு விட்டால் உண்மையான அழுத்தம் சரியாகவே இருக்கும், கருவிக்குத் தவறான செய்தி போகும். அது பெட்ரோலையும் தீப்பொறியையும் தப்பாகக் கணக்கிடும். கார் ஓட்டுபவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் விவரமானவர்கள் எதையும் கழற்றும் முன் தனியாக ஒரு அழுத்தமானியைப் பொருத்தி அளந்து பார்த்தார்கள்.

அளந்தாலும் ஏமாற இடம் உண்டு. இத்தாலியின் ஸ்டெல்வியோ மலைச்சாலை உச்சி 2,757 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே ஏறத்தாழ 0.72 பார்தான். ஜி-லாடர் பெருக்குவது விகிதத்தில். தரையில் 0.7 பார் காட்டிய முள் அங்கே 0.5 பார் பக்கத்தில்தான் நிற்கும். கார் பழுதில்லை, மலைதான் உயரம்! இன்னொன்று: புகைக்குழாயை அகலமாக்கி, சிலிண்டர் தலையைச் செப்பனிட்டவர்கள் அழுத்தம் குறைந்துவிட்டதே என்று கலங்கினார்கள். உண்மையில் காற்று தடையில்லாமல் உள்ளே போவதால்தான் அழுத்தம் குறைந்தது. சக்தி கூடியிருந்தது. அழுத்தமானி காட்டுவது என்ஜினுக்குள் போன காற்றை அல்ல, போக முடியாமல் நிற்கும் காற்றின் நெருக்கடியை. இந்த வித்தியாசம் புரியாமல் வீணான பணம் கொஞ்சமல்ல.

அந்தப் பணத்தில் பெரும்பகுதி போனது சின்னப் புல்லிக்கு. ஜி60-ன் புல்லி விட்டம் 78 மி.மீ. அதை எடுத்துவிட்டு 68 மி.மீ. புல்லி போட்டால் பெட்டி 15 சதவீதம் வேகமாகச் சுற்றும், அழுத்தம் ஏறும். மலிவான வழி! ஆனால் 10,000 சுற்று 11,500 ஆகிறது. ஆடும் தட்டு பேரிங்கை இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது 32 சதவீதம் அதிகம். சீல் பட்டை சீக்கிரம் தேயும், தேய்ந்ததும் அழுத்தம் குறையும், குறைந்ததும் இன்னும் சின்னப் புல்லி தேடுவார்கள். கடைசியில் உள்ளிருக்கும் பல் பெல்ட் ஒரு நாள் அறுந்து போகும். இரண்டு தண்டுகளின் தாளமும் தப்பினால் மக்னீசியத் தட்டு நேராகச் சுவரில் மோதும். பிறகு பெட்டிக்குள் மிஞ்சுவது உலோகத் தூள்தான். அந்தத் தூளும் சில சமயம் என்ஜினுக்குள் போய்விடும்.

ஏ.சி.யில் ஓடியது காரில் திணறியதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஏ.சி. கம்ப்ரஸர் மூடி அடைத்த கூட்டுக்குள், சுத்தமான வாயுவில், எண்ணெயில் நனைந்தபடி, பெரும்பாலும் ஒரே வேகத்தில் ஓடுகிறது. ஜி-லாடர் வெளிக்காற்றைக் குடித்து, அதில் வரும் தூசியோடு, உலர்ந்த பட்டைகளோடு, 800-க்கும் 6,000-க்கும் இடையே என்ஜின் ஏறி இறங்கும்போதெல்லாம் தானும் ஏறி இறங்கியது. இது வடிவமைப்பின் குற்றம் என்று சொல்வது முழு நியாயமாகாது. சீல் பட்டைகளும் உள் பெல்ட்டும் தேயும் பொருள்கள். தேயும் பொருளை மாற்றத்தான் வேண்டும். ஆனால் காரின் வழக்கமான சர்வீஸ் அட்டவணையில் பெட்டியைத் திறந்து இவற்றை மாற்றும் வேலை இடம்பெறவில்லை. எண்ணெய் மாற்ற நாள் குறித்தவர்கள் இதற்கு நாள் குறிக்காமல் விட்டதுதான் ஜி-லாடரின் பெயரைக் கெடுத்தது. கெட்டுப்போனால் முழுப் பெட்டியையும் மாற்று என்பதே பட்டறைகளின் பழக்கமாகியது. அந்தப் பெட்டியின் விலையோ மயக்கம் வர வைக்கும் விலை.

1991-ல் கொராடோவுக்கு விஆர்6 என்ற ஆறு சிலிண்டர் என்ஜின் வந்தது. 2.9 லிட்டர், 190 குதிரைசக்தி, எந்தப் பம்பும் தேவையில்லை. 1993-ல் கொராடோ ஜி60 நின்றது, கொஞ்ச காலத்தில் போலோ ஜி40-ம் நின்றது. க்ரூவின் சுருளை ஃபோக்ஸ்வாகன் திரும்ப எடுக்கவே இல்லை. 2005-ல் கோல்ஃப் ஜிடி காரின் 1.4 லிட்டர் டிஎஸ்ஐ என்ஜினுக்கு மறுபடியும் சூப்பர்சார்ஜர் தேவைப்பட்டபோது, டர்போவோடு சேர்த்து அவர்கள் பூட்டியது பழைய ரூட்ஸ் வகை ஊதியை. அதுவும் காந்தக் கிளட்ச் ஒன்றோடு. வேண்டாதபோது ஊதி சுற்றாமல் நின்றுவிடும், 3,500 சுற்றுக்கு மேல் வேலை முழுவதும் டர்போவுக்கே. எப்போதும் சுற்றிக்கொண்டே இருப்பது எவ்வளவு பெரிய தேய்மானம் என்பதை ஜி-லாடர் காட்டிக்கொடுத்திருந்தது போலும்.

தொழிற்சாலை கைவிட்ட வேலையை ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் சின்னச் சின்னப் பட்டறைகள் எடுத்துக்கொண்டன. பெட்டியைத் திறந்து, பட்டைகளை மாற்றி, பேரிங்கும் எண்ணெய் சீலும் புதிதாகப் போட்டு, உள் பெல்ட்டை மாற்றி மூடித் தருவார்கள். 40,000 முதல் 60,000 கி.மீ.க்கு ஒரு முறை இதைச் செய்தால் போதும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட கணக்கு. பழைய ஜி60 ஒன்றை வாங்க வருபவர் முதலில் கேட்பது இன்றைக்கும் அந்தச் சீட்டைத்தான்: கடைசியாகப் பெட்டியைத் திறந்தது எந்த கிலோமீட்டரில், மாட்டியிருப்பது 78 புல்லியா, 68-ஆ?